வந்து நின்றவை

ஆழ்வார்திருநகரிக் கோயிலின் உறங்காப்புளிக்கு ஊர் சொல்லும் வரலாறு ஒன்று, தாவரவியல் சொல்லும் வரலாறு இன்னொன்று. ஆதிசேஷனே புளியாய் வந்து நின்று நம்மாழ்வாருக்கு இடம் கொடுத்தான் என்பது ஊரின் நம்பிக்கை. மற்றப் புளியமரங்கள் அந்தி சாய்ந்ததும் இலை கூப்பும். இது கூப்புவதில்லை, அதனால் உறங்காப்புளி. புளியின் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பது தாவரவியல். இரண்டுக்கும் ஒரு சேதி பொது: இந்த மரம் வேறெங்கோ இருந்து வந்து இங்கே நின்றது.

எப்போது வந்தது? 1753இல் லின்னேயஸ் இதைப் பட்டியலிட்டபோது இந்திய மரம் என்றே பெயர் வைத்தார். அவர்மேல் குற்றமில்லை, அந்த அளவுக்கு அது இங்கே ஊறிப்போயிருந்தது. கங்கைச் சமவெளியில் நார்ஹன் அகழாய்வில், மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அடுக்கிலேயே புளியங்கட்டையின் கரி கிடைத்திருக்கிறது. விதையைக் கொண்டுவந்த கை எது என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. வளைகுடாவுக்கு அக்கரையில், மன்னார்த் தீவில், இன்னொரு ஆப்பிரிக்க மரம் நிற்கிறது. பெருக்கமரம். பத்துப்பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்று அங்கே சொல்வார்கள். ஒரே கடலின் இரண்டு கரையிலும் ஆப்பிரிக்காவின் மரம், ஒன்று கோயிலுக்குள், ஒன்று ஊர் நடுவில்.

எந்த உயிர் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, ஏன் பக்கத்தில் இல்லை என்று கேட்கிற படிப்புக்கு உயிர்ப்புவியியல் என்று பெயர். அதன் கேள்விகளை இரண்டாகச் சுருக்கிக்கொண்டுதான் நான் இந்தக் கரையில் நடக்கிறேன். வந்தது எப்படி? நின்றது எப்படி? முதல் கேள்வியில் கண்டங்களும் காற்றும் கப்பலும் பறவையின் வயிறும் வரும். இரண்டாவது கேள்வியில் மண்ணும் தண்ணீரும் வரும். எனக்கு இரண்டாவதே பெரிய கேள்வியாகப் படுகிறது.

*

ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து, குளம் குளமாய் நிரப்பி, கடலோரம்வரை வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. ஆற்றில் இதுவே கடைசி அணைக்கட்டு. வண்டல் மண், கையில் பிடித்தால் பிசுபிசுவென்று ஒட்டும். நெல், வாழை, ஆத்தூர்ப் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால், கொடிக்குத் துணையாய் அகத்தி.

பார்த்தால் காலங்காலமாய் இங்கேயே இருந்த பச்சை என்று தோன்றும். வாழையை முதலில் பயிராக்கிய இடங்களில் ஒன்று நியூகினித் தீவு. ஏழாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே குக் என்ற சதுப்பில் வாழை வைத்த தடயம் உண்டு. வெற்றிலை தென்கிழக்கு ஆசியக் காட்டுக்கொடி. அகத்தியும் அந்தத் திசைதான். நெல்லுக்கு யாங்சி ஆற்றையும் கங்கையையும் சொல்கிறார்கள். ஆக, மருதம் முழுக்க வந்தவர்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மண்ணிலும் அந்தத் தண்ணீரிலும் வருகிற காரம் வேறு எங்கும் வராது என்பது அதன் பொருள். எங்கிருந்தோ வந்த கொடி, இந்த ஒரு பிடி மண்ணோடு பிரிக்க முடியாதபடி கட்டுப்பட்டிருக்கிறது. பிறந்த இடத்தைவிட நின்ற இடம் அதை அதிகம் ஆக்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மேற்கே சிறிது தூரத்தில் ஆதிச்சநல்லூர். ஆற்றை ஒட்டியே இருக்கிறது, ஆனால் அங்கே உள்ள பழைய இடுகாட்டுத் திடல் வயலாகவில்லை. மேடு, பரல்கல், பாறை. பயிருக்கு ஆகாத நிலம். 1876இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரியா சில ஆண்டுகள் தோண்டித் தாழிகளை எடுத்தார். உள்ளே இருந்த கலங்களில் நெல் உமியும் தினை வகை உமியும் இருந்தன. இறந்தவர்களுக்கு நெல் விளையாத மேட்டைக் கொடுத்தார்கள். அவர்களோடு நெல்லையும் வைத்தார்கள். எந்த மண் எதற்கு ஆகும் என்று இரும்புக்காலத்திலேயே இந்தக் கரையில் கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்குதான் அந்த இடுகாட்டை இன்றுவரை ஏரின் கொழுவிலிருந்து காப்பாற்றியது.

*

தெற்கே நாசரேத்தைத் தாண்டிச் சாத்தான்குளம் பக்கமோ, கிழக்கே குரும்பூர் வழியாகக் காயாமொழிப் பக்கமோ போனால் பச்சை ஒரு கோட்டில் நின்றுவிடும். அதற்கப்பால் சிவப்பு. தேரி.

இந்த நிலத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. குதிரைமொழித் தேரியில் ஏறி நின்றால் நாலு பக்கமும் செம்மணல் மேடு, மேட்டின்மேல் மேடு. காலை வைத்தால் கணுக்கால் புதையும். முன்பகலிலேயே வெறுங்கால் வைக்க முடியாது. ஒவ்வொரு மணல் பரலின்மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அமிலத்தில் கழுவினால் சிவப்பு கரைந்து வெளுத்த பரல் தெரியும். ஈரமும் வெப்பமும் மாறி மாறி வந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஏறிய நிறம் அது. கடற்கரை மணலுக்கு அந்த வயது இல்லை, அதனால் அந்த நிறமும் இல்லை.

மணல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட பேச்சு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்று, மேற்கே இருக்கும் செம்மண் சமவெளியைத் துடைத்துக்கொண்டு வந்து கொட்டியது என்று பழைய நிலவியலாளர்கள் சொன்னார்கள். கடல் பின்வாங்கியிருந்த காலத்தில் வெளியே தெரிந்த கடற்படுகையின் மணலும் காற்றில் ஏறி வந்தது என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். எப்படியானாலும் தேரி இங்கே பிறந்த மண் அல்ல. அதுவும் வந்து நின்றது. தொடர்ந்து அசையவும் செய்தது. ஆடிக்காற்றில் தேரி நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடிய கதை இந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய உண்டு.

அதை நிறுத்தியது மரம். பனை, உடை, பின்னால் வனத்துறை வைத்த கொல்லா மரம். உடை என்பது குடை விரித்தாற்போல் தட்டையாய்க் கிளை பரப்பும் முள்மரம். உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயல்பாய் வளர்கிறது. புளிக்கு நேர் எதிர். இது இந்த வறட்சியின் சொந்தப் பிள்ளை. ஆப்பிரிக்கப் புல்வெளியில் வேறொரு முள்மரம் இதே குடையை விரித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே மாதிரி வெயில் ஒரே மாதிரி உடலைக் கேட்டிருக்கிறது. கொல்லா மரமோ பிரேசில் நாட்டுக் கடலோரத்து மரம், போர்ச்சுகீசியரோடு வந்தது. மணலும் வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். பனை எதையும் கேட்பதில்லை. வடலியாக இருக்கும்போதே வேர் மணலுக்குள் நெடுந்தூரம் இறங்கிவிடும். உடன்குடிக் கருப்பட்டியின் ருசிக்குத் தேரி மண்ணின் பனை காரணம் என்று ஏறுகிறவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். அதுவும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே வட்டாரத்தில் வண்டலுக்கு ஒன்று, தேரிக்கு ஒன்று.

மேலே ஈரமே இல்லாத இந்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. பெய்கிற மழை ஓடாது. விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடும். ஆவியாவதற்கு முன்பே வெயில் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, கீழே களிமண் தடுக்கிற இடத்தில் தேங்கி, தேரியின் ஓரத்தில் சுனையாய்க் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படி ஓர் இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்மணல், நடுவே ஈரம், மருத மரங்கள். தெய்வத்தின் பெயரிலேயே சுனையைக் காக்கிற வேலை இருக்கிறது. தேரிகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் மழைக்காலத்துத் தண்ணீர் தேங்கினால் அது தருவை. அங்கே பறவை வரும்.

காயாமொழித் தேரியின் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். இளநீரை வெட்டும்போது தண்ணீர் தெறித்து நனைந்த செம்மணலை மக்கள் அள்ளி எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். விளையாத நிலத்தின் மண், விளைகிற நிலத்துக்குப் போகிறது. மண்ணின் பரவலைப் பற்றி எழுதுகிறவர்கள் காற்றையும் ஆற்றையும் எழுதுவார்கள். மடியில் முடிந்துகொண்டு போகிற மண்ணையும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

சாயர்புரம் தேரியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களை எடுத்தார். நகத்தளவே உள்ள சிறு கருவிகள். 1956இல் சாய்னரும் ஆல்ச்சினும் இந்தத் தேரிகளின் நுண்கற்கருவிக் களங்களை வரிசைப்படுத்தி எழுதினார்கள். மணல் இறுகிய அடுக்குகளில் அந்தக் கருவிகள் கிடக்கின்றன. நெல் வருவதற்கு முன், ஒருவேளை புளியும் வருவதற்கு முன், இந்த மேடுகளில் நின்று கடலையும் மானையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் அவர்கள்.

*

வடக்கே, கோவில்பட்டி எட்டயபுரம் பக்கம், கரிசல். ரஷ்யாவின் கறுப்பு மண்ணை ஆராய்ந்து 1883இல் தொக்குச்சாயேவ் எழுதினார்: மண் என்பது பொடிந்த பாறை மட்டுமல்ல, பாறை, தட்பவெப்பம், நில அமைப்பு, உயிர்கள், காலம் எல்லாம் சேர்ந்து ஆக்குவது. கரிசலைப் பார்த்தால் அது விளங்கும். தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம்முடைய கரிசலுக்கு எரிமலை இல்லை. இரும்பு மிகுந்த பழைய நைஸ் பாறையே தாய். அதே பாறை, தண்ணீர் வடிகிற சரிவில் செவலாகிறது, தண்ணீர் தேங்குகிற தாழ்வில் கரிசலாகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள். சில அடி உயர வித்தியாசம், பருத்திக்கும் கடலைக்கும் இடையே எல்லை போட்டுவிடுகிறது.

*

உலகத்தில் உயிர் எல்லைகளைப் பற்றிப் பேசினால், அப்படி ஒரு கோட்டைக் கண்டு சொன்ன இயற்கையியலாளர் வாலஸ் வந்துவிடுவார். பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர்க் கடல். இந்தப் பக்கம் ஆசிய விலங்குகள். அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியப் பக்கத்து உயிர்கள் தொடங்குகின்றன. ஆழக்கடல் என்பதால், உலகின் கடல் தாழ்ந்த காலத்திலும் அந்த வழி அடைபட்டே கிடந்தது.

நம் பக்கத்தில் நேர்மாறான ஒன்று நடந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுக்கு முன், பனி உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை நிலமாக இருந்தது. தூத்துக்குடிக் கடலின் மேடை வெட்டவெளியாகக் கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். கடந்த ஐந்து லட்சம் ஆண்டுகளில் இப்படிப் பலமுறை நிலம் இணைந்திருக்கிறது. ஆகவே பொதிகையின் உயிர்களும் இலங்கை மலைகளின் உயிர்களும் கலந்திருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்வளக் களமாக எண்ணும் வழக்கமும் வந்தது. 2004இல் பொசுயிட்டும் உடனிருந்தோரும் தவளை, நன்னீர் நண்டு, மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு முதலியவற்றின் மரபணுவைப் பார்த்தார்கள். பல குலங்கள் கலக்கவே இல்லை. நெடுங்காலமாக இலங்கையுடையது இலங்கையில், மலையுடையது மலையில்.

பாலம் இருந்தும் ஏன் போகவில்லை? பாலம் காய்ந்து கிடந்தது என்பது நல்ல விடை. மலைக்காட்டின் ஈரத்தில் வாழ்கிற தவளைக்கும் மண்புதை பாம்புக்கும் இந்தக் கடலோரச் சமவெளி, உடைமரமும் செம்மணலும் நிறைந்த இந்தத் தேரி நாடு, கடக்க முடியாத கடல். அகத்தியர் மலை 1868 மீட்டர். அங்கிருந்து தாமிரபரணி கிழக்கே ஓடி வருகிறது. அதன் கரையோரம் ஒரு பச்சைக் கோடு இருந்தும் அந்த உயிர்களால் அதைப் பிடித்துக்கொண்டு வர இயலவில்லை. ஆடும் பனையும் எளிதாக வாழ்கிற நிலம் இன்னொரு உயிருக்குச் சுவராக இருக்கிறது. தேரியை ஒன்றுமில்லாத நிலம் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இரண்டு மலைகளின் உயிர்களைத் தனித்தனியாகவே வைத்திருந்தது இப்படிப்பட்ட வறள்நிலம்தான்.

*

கரையோடு மண் முடிந்துவிடுவதில்லை. கடலுக்கு அடியிலும் மண் வகை உண்டு, அதற்கேற்ற குடிகளும் உண்டு. கல் கிடக்கிற இடத்தைப் பார் என்பார்கள் முத்துக்குளித்தவர்கள். தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் பார் பேர்பெற்றது. பாருக்கும் பாருக்கும் இடையே மணல். முத்துச்சிப்பி பாரில் இருக்கும், சங்கு மணலில் இருக்கும். ஒரே ஆழம், ஒரே தண்ணீர், ஒரே உப்பு. ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றது கிடையாது.

இரண்டும் பிறக்கும் விதத்தில் காரணத்தின் பாதி இருக்கிறது. சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராய் மூன்று வாரம் அளவுக்கு நீரோட்டத்தில் மிதக்கும். எங்கே போகிறோம் என்பது அதன் கையில் இல்லை. பின்பு கல் கிடைத்தால் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும். கீழே மணலாக இருந்தால் அத்தோடு முடிந்தது. அதனால்தான் முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், சில ஆண்டு பொங்கும், பல ஆண்டு இருக்காது. 1902இல் இலங்கைப் பார்களை ஆராய ஹெர்ட்மன் வந்தார், ஹார்னெல் அவரோடு வந்து பிறகு இங்கேயே பல ஆண்டுகள் கழித்தார். அவர்கள் விடை தேடிய கேள்வி இதுதான், சிப்பி ஏன் வருகிறது, ஏன் போகிறது. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் வேப்பலோடையில் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டியது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். பாரில் மட்டும் முத்து பழையபடி திரும்பவில்லை.

சங்கு மிதப்பதே இல்லை. தாய் மணலில் முட்டைக்கூட்டை நட்டுவைக்கும். உள்ளேயே வளர்ந்து, சிறு சங்காகவே வெளியே வந்து, அங்கேயே ஊரத் தொடங்கும். பிறந்த மணலை விட்டு அது வெகுதூரம் போவதில்லை. அதனால் உலகத்தில் அதன் எல்லை சிறியது, இந்தியக் கரைகளும் இலங்கையும் இவற்றை அடுத்த கடலும். ஆனால் அதன் ஓடு போகாத ஊர் இல்லை. சிந்துவெளியில் வளையல் அறுத்தது இந்த இனத்தைத்தான். கொற்கையிலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. தானாய் ஒருபோதும் பயணம் போகாத உயிரை மனிதர்கள் பாதிக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள், பெருமாளின் இடக்கையிலும் கொடுத்தார்கள்.

*

அந்தக் கொற்கை, பாண்டியரின் துறைமுகம், இன்று கடலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் கடலைத் தேடிக் காயலுக்குப் போனது. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைச் செழிப்பான துறையாகக் கண்டார். பிறகு அதையும் மண் மூடியது. புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. ஊர்களும் மண்ணைப் பின்பற்றி நகர்ந்திருக்கின்றன.

இப்போது அந்த வண்டல் முன்போல் வருவதில்லை. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணை பிடித்துக்கொள்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் உட்புறம் மண்மேடாகி, 2015இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தபிறகே தூர்வாரல் தொடங்கியது. தேங்கிய தண்ணீரில் அமேசான் படுகையிலிருந்து வந்த ஆகாயத்தாமரை. கரையோரப் புறம்போக்கில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம். இவையும் வந்தவைதான். புளியையும் வெற்றிலையையும் ஏற்றுக்கொண்ட மனம் இவற்றை மட்டும் ஏன் வெறுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வந்ததற்காக நான் வெறுக்கவில்லை. புளி நின்ற இடத்தில் பக்கத்து மரமும் நின்றது. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரில் வெயில் இறங்குவதில்லை, மீனுக்குக் காற்றில்லை. வேறுபாடு பிறந்த ஊரில் இல்லை, பக்கத்தில் இருப்பதை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18இல் வந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆண்டு முழுவதும் 65 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மாவட்டம் இது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு பழைய வழிகளில் எல்லாம் ஓடியது. தண்ணீர் வடிந்தபிறகு வாழைத்தோட்டங்களின்மேல் வெறும் மணல் கிடந்தது. வண்டலை விட்டுவிட்டு மணலை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று வருந்திய ஒரு விவசாயியிடம், மணலை எடுத்துவிட்டால் பழைய மண் கிடைக்குமே என்றேன்.

"கெடைக்கும் அண்ணாச்சி. ஆனா மேல்மண்ணும் சேந்துல்லா வருது. அது எங்க தாத்தா காலத்து வண்டல். இப்ப ஆத்துல அப்படி வண்டல் எங்க வருது?" என்றார்.

அவர் எந்திரம் வைத்து அள்ளவில்லை. ஆள் விட்டு, மணலை மட்டும் மண்வெட்டியால் ஒதுக்கி, வரப்பு ஓரத்தில் குவித்தார். அந்த வயலில் வாழை மறுபடி வந்துவிட்டது. ஒதுக்கிய மணற்குவியலில் யாரும் வைக்காமல் பனங்கொட்டை ஒன்று முளைத்திருக்கிறது; அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.